காயவைத்த டீப் பைகள்

ஆட்கள் அறையைக் காலி செய்துகொண்டு போனதும் அக்கா முதலில் குப்பைக் கூடையைத்தான் பார்ப்பார். படுக்கை விரிப்பு, துண்டு, குளியலறை எல்லாம் அதற்குப் பிறகு. கூடைக்குள் கையை விட்டு, நனைந்து கிடக்கும் டீப் பைகளை நூலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்குவார். குழாயடியில் ஒருமுறை அலசிப் பிழிந்து, தள்ளுவண்டியின் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார். லிஃப்டை விட்டு அந்த வண்டி வெளியே வரும்போது பழுப்புப் பைகள் ஆடிக்கொண்டே வரும். பார்க்கச் சகிக்காது. முதல் மாதம் நான் சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, கெஸ்ட்டெல்லாம் நடமாடுற எடம். அசிங்கமா இருக்கு. தூக்கிப் போட்டுடுங்களேன்."

"இது இன்னும் முடியல பாப்பா."

அவ்வளவுதான் பதில். மறுநாளிலிருந்து வண்டியின் மேல் ஒரு கிழிந்த துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். துண்டுக்குள்ளே பைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

பெரம்பலூரில் நாலு ரோட்டைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது நாங்கள் வேலை பார்த்த ஓட்டல். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அது லாட்ஜ்தான். சிமென்ட் ஆலைகளுக்கு வேலையாக வருகிற வடக்கத்தி இன்ஜினியர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிற குடும்பங்கள், சென்னையிலிருந்து தெற்கே போகும் வழியில் ஓய்வெடுக்க இறங்குகிறவர்கள் என்று கூட்டம் இருக்கும். நான் ரிசப்ஷனில் இருந்தேன். அறைகளில் வைக்கிற சோப்பு, ஷாம்பு, சர்க்கரைப் பொட்டலம், டிப் டீ எல்லாம் இருக்கும் ஸ்டோர் ரூமின் சாவியும் என்னிடம்தான். அக்கா அறை துடைக்கிற வேலை. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் அதை நான்தான் எழுதினேன். இங்கே எழுதப் போவதில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். மகளைப் பெரம்பலூரில் நர்சிங் படிக்க வைப்பதற்காக ஊரை விட்டு வந்து, பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார். புருஷன் பிரிந்து போய்த் திருப்பூரில் வேறு ஒருத்தியோடு இருந்தான். அதைப் பற்றி ஒருநாள் யாரோ கேட்டபோது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவனும் இன்னும் முடியலன்னு நெனச்சுதான் பத்து வருஷம் வெச்சிருந்தேன்." எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் ஒரு விரல் தடம் மிச்சமிருந்தது. அதில்தான் கண்ணாக இருந்தார்.

அந்தக் கண்ணாடியையும் அவர் டீப் பையால்தான் துடைப்பார். ஈரப் பையை வைத்து ஒரு தேய், பிறகு செய்தித்தாளால் ஒரு தேய். ஓட்டலில் வாங்கி வைத்திருந்த நீலத் திரவத்தைவிட நன்றாகவே பளிச்சென்று இருக்கும். மீதிப் பைகளை மொட்டைமாடியில் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்கச் சரளைக்கல் வைத்துக் காயப்போடுவார். மாலை நாலு மணிக்கு வேலை முடிந்ததும் காய்ந்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவார். போகும்போது என் மேசைக்கு வந்து கவரைத் திறந்து காட்டுவார்.

"எடுத்துக்கிட்டுப் போறேன் பாப்பா."

"போங்கக்கா. இதப் போயி தெனமும் கேக்கணுமா?"

"கேட்டுட்டு எடுத்தாத்தான் எடுத்தது."

ஒருமுறை மழையில் அவரை என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டபோது அந்த அறையைப் பார்த்தேன். ஓட்டலில் கழித்துப்போட்ட வெள்ளை விரிப்பு, டீச்சாயத்தில் ஊறி ஒரே சீரான இளம்பழுப்பில் சன்னல் திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கறை இருந்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெயின்ட் டப்பாக்களில் ரோஜா. அதன் மண்ணில் பிரித்துக் கொட்டிய டீத்தூள். செருப்புக்குள் ஒரு பை, துணிப்பெட்டிக்குள் ஒரு பை, மீன் கழுவிய கையைத் தேய்த்துக் கழுவ அம்மியோரம் ஒரு பை. பைகளிலிருந்து பிரித்த நூலையெல்லாம் முடிச்சுப் போட்டு நீளமாக்கி, ஒரு பந்தாகச் சுற்றி வைத்திருந்தார். அதில்தான் மாதா படத்துக்குப் பூக் கட்டுவாராம். டீப் பை வருகிற காகித உறையைப் பிரித்தால் உட்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் மகள் மருந்துப் பெயர்களை எழுதிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு குப்பைக்கூடை இப்படி ஒரு வீடாக ஆகியிருந்தது.

"இத்தனை இருக்கே, டீ போட்டுக் குடிக்கிறதும் இதுலதானா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

அக்காவின் முகம் மாறியது. "ஒருத்தர் வாய்க்குப் போன டீயில இன்னொருத்தரு வாய் வெக்கலாமா? அந்த அளவுக்கு நான் கெட்டுப் போகல பாப்பா." உடனே அடுப்பைப் பற்றவைத்து, கடையில் வாங்கிய தூளைப் போட்டு, பாலை ஊற்றி, எனக்கு முன்னாலேயே டீ போட்டார். டப்பாவை என் கண்ணுக்கு எதிரில் திறந்து காட்டிவிட்டுத்தான் மூடினார்.

அவரோடு வேலை செய்வது சுலபமில்லை. புதிதாக வந்த ஒருத்தி டீப் பைகளைக் குப்பையோடு கொட்டிவிட்டாள் என்பதற்காக, கீழே போய் டிரம்மைக் கவிழ்த்துப் பொறுக்க வைத்தார். அவள் அழுதுகொண்டே பொறுக்கினாள். அழட்டும் என்று அக்கா பக்கத்திலேயே நின்றார். குப்பைக் கூடையை வைத்தே அறையில் இருக்கிறவரைச் சொல்லிவிடுவார். "எரநூத்தி நாலு ரூம் சாருக்குச் சக்கரை இருக்கு. மாத்திரை அட்டை கெடக்கு. ரூமுக்கு ஸ்வீட் அனுப்பாதீங்க." அவர் சொன்னது எப்போதும் சரியாக இருக்கும். எப்போதும் சரியாக இருக்கிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

மேனேஜருக்கு அறவே பிடிக்கவில்லை. இரண்டு மாதம் தங்கியிருந்த ஒரு இன்ஜினியர், தன் பாதுகாப்புக் காலணிகளின் நாற்றத்தால் அலமாரியையே திறக்க முடியவில்லை என்று புகார் சொன்னார். மேனேஜர் வாசனைத் திரவம் அடிக்கச் சொன்னார். நாற்றமும் வாசனையும் கலந்து இன்னும் மோசமானது. அக்கா காய்ந்த பைகளை ஒவ்வொரு காலணியிலும் நாலு நாலாகத் திணித்து, இரண்டு நாள் விட்டார். நாற்றம் போய்விட்டது. அந்த இன்ஜினியர் ஓட்டல் முதலாளியிடமே பாராட்டிப் பேசினார். "நம்ம ஐடியாதான் சார்" என்று மேனேஜர் சொன்னபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "ஆமாங்க சார், சாரு சென்ட்டு அடிக்கச் சொன்னாரு. அப்பறம் நான் பைய வெச்சேன்" என்றார். பணிவாகத்தான் சொன்னார். முதலாளி சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை.

என்னிடம் மட்டும் அக்காவுக்கு ஏனோ ஒரு பிரியம். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பிள்ளை இல்லையென்று மாமியார் வீட்டில் பேச்சு ஆரம்பித்திருந்த காலம். ஒருநாள் அழுது வீங்கிய கண்ணோடு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சமையலறை ஃபிரிட்ஜிலிருந்து சில்லென்று இரண்டு டீப் பைகளோடு வந்தார்.

"உள்ள போயி நாக்காலியில சாஞ்சுக்க. பத்து நிமிஷம் கண்ணத் தொறக்காத. யாராச்சும் வந்தா நான் உக்கார வெக்கிறேன்."

இமைகளின் மேல் அந்தக் குளிர்ச்சியோடு சாய்ந்திருந்தேன். வெளியே அக்கா யாரிடமோ, "மேடம் கணக்குப் பாக்குறாங்க, ஒக்காருங்க" என்று சொல்வது கேட்டது. பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன். அழுதவள் முகம் மாதிரி இல்லை. அம்மா இருந்தால்கூட ஏன் அழுதாய் என்று நூறு கேள்வி கேட்டிருப்பாள்.

அந்த மாமியாருக்காகத்தான் நான் ஸ்டோரிலிருந்து முதல் டிப் டீ பெட்டியை எடுத்தேன். அரியலூரிலிருந்து அவருடைய தமக்கை குடும்பம் வரும்போது, கப்பில் வெந்நீர், பக்கத்தில் நூலோடு டிப் டீ, சர்க்கரைப் பொட்டலம் என்று வைத்து, "எம் மருமக ஓட்டல்ல பெரிய வேலைல இருக்கா" என்று சொல்ல அவருக்கு ஆசை. அன்று முழுக்க என்னிடம் அன்பாகப் பேசினார். அந்த அன்புக்காக அடுத்த மாதம் இன்னொரு பெட்டி. கடையில் கிடைக்காத பொருள் இல்லை. ஆனால் கடையில் வாங்கினால் அது வெறும் டீ. ஓட்டலிலிருந்து வந்தால்தான் அவருக்குப் பெருமை. சாவி என்னிடம் இருந்தது. யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காய்ச்சலில் நான் லீவு போட்டிருந்த ஒரு நாள் ஸ்டோர் சாவி என் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அதை வாங்கிப்போக அக்காவைத்தான் அனுப்பினார்கள். மாமியார் அவரை வாசல்படியிலேயே நிற்க வைத்து, காகிதக் கப்பில் டிப் டீ கொடுத்தார். வீட்டில் பீங்கான் கப் இருந்தது. அக்கா வாங்கிக் குடித்தார். நின்ற இடத்திலிருந்து சமையலறை அலமாரி நேராகத் தெரியும். பெட்டி அங்கேதான் இருந்தது.

சாவியைக் கொடுக்க நான் கேட் வரை போனேன். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாப்பா, அந்தப் பொட்டி மேல பச்சை மையில தேதி போட்ருக்கு. ஒன் கையெழுத்து. அழிச்சுடு."

எனக்குக் காய்ச்சலிலும் வேர்த்துவிட்டது. "அக்கா, அது வந்து..."

"நான் ஒண்ணும் கேக்கல. வெளியாளு பாத்தா தெரியும்னு சொன்னேன். ஒடம்பப் பாத்துக்க. போயிட்டு வரேன்."

உள்ளே போய் தேதி போட்டிருந்த அட்டையைக் கிழித்துப்போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து முதலாளி திடீரென்று ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தார். டிப் டீ பெட்டிகள் குறைகின்றன என்று மேனேஜரைச் சத்தம் போட்டார். மேனேஜர் நேராக கேமராப் பதிவுக்குப் போனார். ஸ்டோருக்குள் கேமரா கிடையாது. மொட்டைமாடிப் படிக்கட்டில் இருந்தது. அதில் அக்கா தினமும் ஒரு கவரோடு இறங்கி வருவது தெரிந்தது. மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்று நாலு மணிக்கு அக்கா என் மேசைக்கு வந்து கவரைத் திறப்பதற்குள் செக்யூரிட்டி அதைப் பிடுங்கினான். முதலாளி சோபாவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு குடும்பங்கள் அறைக்காகக் காத்திருந்தன. மேனேஜர் கவரை என் மேசையிலேயே கவிழ்த்தார். முப்பது நாற்பது பைகள் கொட்டின. சருகு மாதிரி காய்ந்து, சுருங்கி.

"என்ன இது?"

"டீப் பைங்க சார். போட்டு முடிச்சது."

"முடிச்சத எதுக்கு அலசிக் காயவெக்கிற? எந்த டீக்கடைக்கு விக்கிற?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "சார், அப்புடிச் சொல்லாதீங்க. மாதா மேல சத்தியமா..."

"புதுப் பெட்டியும் நீதான் கொண்டு போற. பழசக் காயவெச்சு, புதுசோட கலந்து, அடுத்தவன் எச்சித் தூள ஊருக்கே ஊத்துறீங்க."

காத்திருந்தவர்களில் ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். செக்யூரிட்டி தன் போனை எடுத்து மேசையையும் அக்காவையும் சேர்த்துப் படம் எடுத்தான். யாரும் தடுக்கவில்லை.

"நான் தெனமும் கேட்டுட்டுதான் சார் எடுத்துட்டுப் போவேன்," என்றார் அக்கா. "மேடத்துக்கிட்ட காட்டிட்டுத்தான் போவேன். கேளுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். முதலாளியும் திரும்பினார்.

"நீங்க பெர்மிஷன் குடுத்தீங்களா?"

பழைய பைகளுக்கு அனுமதி கொடுத்தேன் என்று சொன்னால் போதும். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் புதுப் பெட்டிகள் எங்கே என்று வரும். சாவி யாரிடம் என்று வரும். இத்தனையும் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. அந்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காமல் போகிறது.

"எனக்குத் தெரியாது சார்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது கோபம். அவர் முகத்தில் இருந்தது அதுவல்ல. யாரோ தெரியாதவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு பார்வை பார்ப்போமே, அதைப் போன்ற ஒன்று. என் வீட்டு அலமாரியைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் நான் முடிந்தேன் என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திறக்கவில்லை. மேசைக்கு வந்து, சிதறிக் கிடந்த பைகளைக் கவருக்குள் திரும்ப எடுத்துப் போட ஆரம்பித்தார்.

"கைய எடு. அத வெச்சுட்டுப் போ," என்றார் மேனேஜர். "நாளையிலேருந்து வராத."

"இது உங்களுக்கு வேணாம்னு குப்பையில போட்டது சார்."

"வெச்சுட்டுப் போன்னேன்ல."

கையிலிருந்த ஐந்தாறு பைகளை அக்கா மேசைமேல் வைத்தார். கொட்டவில்லை. அடுக்கி வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் போன பிறகு முதலாளி என்னைப் பார்த்து, "மேசையச் சுத்தம் பண்ணும்மா, கெஸ்ட் நிக்கிறாங்க" என்றார். நான் எல்லாவற்றையும் வழித்துக் குப்பைக் கூடையில் தள்ளினேன்.

அதற்குப் பிறகு டிப் டீ குறையவே இல்லை. நான்தான் எடுப்பதை நிறுத்திவிட்டேனே. "பாத்தீங்களா சார், அவ போனதோட நின்னுடுச்சு" என்று மேனேஜர் முதலாளியிடம் காட்டினார். சாட்சிக்கு நானே உதவியிருந்தேன். அடுத்த வருஷம் அந்த மேனேஜர் வேறு இடத்துக்குப் போனபோது அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். நம்பிக்கையான ஆள் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

செக்யூரிட்டி எடுத்த படம் போன் போனாகப் போயிருந்தது. "ஓட்டலில் டீப் பெட்டி திருடி, எச்சில் தூளைக் கலந்து விற்ற பெண் பிடிபட்டார், மக்களே உஷார்" என்று எழுதி யாரோ அனுப்ப, என் மாமியாருக்கே அவர்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்தது. "ஐய, இவளா? நம்மூட்டுக்கு வந்தாளே! நான் குடுத்த டீயக் குடிச்சுட்டுப் போனாளே!" என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். அன்றைக்கு அவர் டீ குடித்துக்கொண்டிருந்தது நான் கொண்டுவந்த கடைசிப் பெட்டியிலிருந்து.

இரண்டு வருஷம் கழித்து அக்காவின் மகள் என்னைத் தேடி ஓட்டலுக்கு வந்தாள். படிப்பை முடித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு கிளினிக்கில் வேலையாக இருந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னாள்.

"எனக்குக் கல்யாணம் பேசியிருந்தாங்க மேடம். கோயில்ல ஓலை வாசிக்கிறதுக்கு மொத நாளு வேணாம்னுட்டாங்க."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, பெண் பெயரை மாதா கோயிலில் வாசிப்பார்கள். அதைத்தான் ஓலை என்கிறார்கள். பையன் வீட்டில் யாரோ அந்தப் பழைய படத்தைக் கண்டெடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

"அம்மா அப்புடிச் செய்யலன்னு இங்கேர்ந்து ஒரு லெட்டர் குடுத்தா, எங்க பங்குச் சாமியார்கிட்ட காட்டுவேன். அவரு அவங்ககிட்ட பேசுறேன்னு சொல்லியிருக்காரு. அம்மா உங்களப் பத்தி ஒரு நாளும் தப்பாப் பேசுனதில்ல மேடம். அதான் உங்ககிட்ட வந்தேன்."

அவளிடம் சரி என்றேன்; ஊருக்கே திரும்பிப் போயிருந்த அக்கா எங்கே வேலை பார்க்கிறார் என்றும் கேட்டுக்கொண்டேன். ஒரு வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் ஓட்டல் லெட்டர்பேடில் ஒன்றை முடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நானே எடுத்துக்கொண்டு அரியலூர் போய் அங்கிருந்து பஸ் மாறி ஆண்டிமடம் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி மன்னிப்பாவது கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஒரு பேராசை.

முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு கொட்டகையில் அக்கா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தகரக் கூரையின் கீழே பத்துப் பதினைந்து பெண்கள் வறுத்த கொட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். புகையில் கண் எரிந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே தண்ணீர்த் தொட்டியோரம் வந்தார். இளைத்திருந்தார். கையைப் பார்த்துவிட்டு அடுத்து எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது.

"சாம்பல் தடவிக்கிட்டுதான் ஒடைப்போம். இருந்தும் அரிச்சுடும்," என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. "சாயந்தரம் டீத் தண்ணியில கைய ஊறவெச்சா எரிச்சல் கொஞ்சம் அடங்கும்."

நான் அழுதுவிட்டேன். "பயந்துட்டேன்கா. அன்னிக்கு வாய் வரல."

"தெரியும்."

"என்னப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லல. அத நெனச்சா..."

"இரு," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "ஒன்னக் காப்பாத்துறதுக்காக நான் சும்மா இருந்தேன்னு நெனச்சுக்கிட்டுத் திரியாத. சொன்னா யாரு நம்பியிருப்பா? நீ நாக்காலியில இருந்த. நான் தொடப்பத்தோட நின்னேன். திருடுனதும் இல்லாம மேடத்து மேல பழி வேற போடுறான்னு போலீஸக் கூப்புட்ருப்பானுங்க. எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. அதான் சும்மா இருந்தேன்."

நான் கடிதத்தை நீட்டினேன். விரலில் ஒட்டாமலிருக்க இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். இவர் எங்கள் ஓட்டலில் மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தார். நேர்மையும் நல்ல நடத்தையும் உடையவர். சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகினார். கீழே என் கையெழுத்து, பதவி, முத்திரை.

"சொந்தக் காரணமா?" என்றார்.

அவர் இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கெட்டவ இல்லன்னு எழுதியிருக்க. அந்தப் பொட்டிய யாரு எடுத்தான்னு எழுதலியே. அந்தத் திருட்டுப் பேருக்குத்தான் அவங்க வேணாம்னாங்க. இதுல நீ எங்கயும் இல்லியே பாப்பா."

"கையெழுத்துப் போட்ருக்கேன்கா..."

"கையெழுத்து இருக்கு. நீ இல்ல."

கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார். தாளின் ஓரத்தில் கறுப்பாக இரண்டு விரல் தடம் பதிந்திருந்தது. "எழுத முடிஞ்சா எழுது. முடியலன்னா இனிமே இங்க வராத. அழுவுற முகத்தோட ஆளு வந்துட்டுப் போனா உள்ள நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க." சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கொட்டையைத் தட்ட ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது எழுதிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். ஜெயங்கொண்டம் தாண்டும்போது வாக்கியம்கூட அமைந்துவிட்டது. அரியலூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன். பெரம்பலூர் வந்து சேர்ந்தபோது, இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது, அந்தப் பையனுக்கு இதற்குள் வேறு இடத்தில் முடிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா, அக்கா இன்னும் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறாரா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆண்டிமடத்துக்காரர்கள் எத்தனையோ பேர் அறை கேட்டு வருகிறார்கள். ஒருவரிடமும் நான் விசாரித்ததில்லை. விசாரித்தால், அக்கா நன்றாக இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்புறம் நான் எழுத வேண்டியிருக்கும்.